சிவாலய ஓட்டமும் தடையற்ற கால்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் மகா சிவராத்திரியை ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள 12 சிவாலயங்களை ஓடியும் நடந்தும் சென்று வழிபடும் வழக்கம் சிவாலய ஓட்டம் எனப்படுகிறது. இதில் முதன்முறையாகக் கலந்துகொள்ள விரும்புவோர் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றுள் பல கால்களையும் தண்ணீரையும் பற்றியவை. சில, இந்த வழியில் எவரும் தடுக்காமல் ஓட முடிகிற உரிமையைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

புதுக்கடையை அடுத்த முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோவிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய ஊர்களின் கோவில்களை இந்த வரிசையிலேயே வணங்கி, திருநட்டாலம் சங்கரநாராயணர் கோவிலில் முடிப்பது மரபு. மொத்தத் தொலைவு 100 கிலோமீட்டருக்கும் அதிகம்; சுமார் 110 கிலோமீட்டர் என்று பெரும்பாலோர் கணக்கிடுகின்றனர். குறுக்குப் பாதைகளை அறிந்தவர்களுக்கு அது சற்றுக் குறையும்.

எவ்வளவு நேரம் ஆகும்? இது போட்டியா?

போட்டி அன்று. முதலில் வந்தவர் என்று எவரையும் குறித்துவைப்பதில்லை, பரிசும் இல்லை. சிவராத்திரிக்கு முந்தைய நாள் பிற்பகலிலோ மாலையிலோ முஞ்சிறையில் புறப்படுகிறவர்கள், அந்த இரவு முழுவதும் மறுநாள் பகல் முழுவதும் வழியில் இருந்து, சிவராத்திரி இரவுக்குள் திருநட்டாலத்தை அடைகிறார்கள். ஒவ்வொரு கோவிலிலும் குளித்து, ஈர வேட்டியுடன் வணங்கி, மீண்டும் புறப்பட வேண்டும் என்பதால், சாலையில் ஓடும் வேகத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. சிவராத்திரியன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவதால் மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் கலந்துகொள்வது எளிதாகிறது. அதற்கு ஈடாகப் பின்னர் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும்.

சிவன் கோவில்களுக்கு ஓடுகிறவர்கள் ஏன் "கோபாலா, கோவிந்தா" என்று முழங்குகிறார்கள்?

இதற்குச் சொல்லப்படும் கதை பாரதத்தோடு தொடர்புடையது. பாதி மனித உடலும் பாதி விலங்கு உடலும் கொண்ட, சிவன் பெயரைத் தவிர வேறு பெயரைக் கேட்கப் பொறுக்காத புருஷாமிருகத்தை அழைத்துவரப் பீமன் அனுப்பப்படுகிறான். கண்ணன் அவனிடம் 12 ருத்ராட்சங்களைக் கொடுத்தனுப்புகிறான். பீமன் "கோபாலா, கோவிந்தா" என்று கூவியதும் புருஷாமிருகம் சினந்து துரத்துகிறது. பிடிபடும் நிலை வரும்போதெல்லாம் அவன் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட, அது சிவலிங்கமாக மாறுகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்கிறது. பீமன் மேலும் ஓடுகிறான். பன்னிரண்டாவது இடத்தில் அவனுடைய ஒரு கால் தன் எல்லைக்குள்ளும் மற்றொரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் இருந்தபோது, அவன் புருஷாமிருகத்துக்கு உரியவனா என்ற வழக்கு எழுகிறது. தம்பி என்றும் பாராமல், உடலில் பாதி புருஷாமிருகத்துக்கே உரியது என்று தருமர் தீர்ப்பளிக்கிறார். அரியும் சிவனும் ஒன்றாக நிற்கும் திருநட்டாலத்தில் பயணம் முடிவதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்று அழைப்பதும் இந்த முழக்கத்தால்தான்.

விரதம், உடை, விசிறி ஆகியவை கட்டாயமா?

மரபுப்படி ஓடுகிறவர்கள் சில நாள்களுக்கு முன்பே மாலை அணிந்து விரதம் இருப்பார்கள். காவி அல்லது மஞ்சள் வேட்டி, கையில் பனையோலை விசிறி, திருநீறும் சில்லறையும் வைக்க விசிறியோடு ஒரு சிறு துணிப்பை ஆகிய இவ்வளவே உடைமை. சன்னிதியில் இறைவனுக்கு வீசுவதற்கே விசிறி. நண்பகலில் அது ஓடுகிறவரின் முகத்துக்கும் உதவுகிறது; அதைத் தவறென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்தப் பகுதி மிகவும் கடினமானது?

பலரும் கடைசிப் பகுதி என்றே நினைக்கிறார்கள். என் கருத்தில் திக்குறிச்சிக்கும் பொன்மனைக்கும் இடைப்பட்ட இரவுதான் கடினம். கோவில்களுக்கு இடையே தொலைவு அதிகம். வழியும் ஏற்ற இறக்கம் மிகுந்தது. திக்குறிச்சியில் தாமிரபரணியில் முங்கி எழுந்து அருமனை, களியல் வழியாகத் திற்பரப்புக்குச் செல்லும்போது உற்சாகம் இன்னும் குறைந்திருக்காது. கோதையாற்றின் இரைச்சல் காதில் விழும்போது களைப்பு வந்துவிட்டதை உடல் உணரத் தொடங்கும். அங்கே குளித்துவிட்டு உட்கார்ந்தால் எழுவது சிரமம் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் நின்றபடியே சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுக் குலசேகரம் பக்கமாக நகர்ந்துவிடுவார்கள்.

திருநந்திக்கரையை அடையும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவைக் கடந்திருக்கும். கோவிலுக்கு அருகே பழைய ஓவியங்களின் எச்சம் உள்ள குடைவரை ஒன்று இருக்கிறது. தன் பிறந்த நாளான சதயத் திருநாளைக் கொண்டாட நிலம் அளித்த இராசராச சோழனின் கல்வெட்டும் அங்கே உண்டு. ஓட்ட நாளில் அவற்றை நின்று பார்க்க இயலாது. வேறொரு நாளில் அவசியம் சென்று பாருங்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். மாசி மாதத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவம் என்பதால் பல தோட்டங்களில் பால்வெட்டு நிறுத்தப்பட்டிருக்கும். முன்னால் செல்பவரின் வெறுங்கால்கள் காய்ந்த சருகுகளை மிதிக்கும் ஒலியைக் கேட்டே பின்னால் வருபவர் பாதையை அறிந்துகொள்ளலாம். சருகுக்கு அடியில் கிடக்கும் கல்லும் வேர்முண்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அந்த இடத்தில் ஓடாமல் நடப்பதே அறிவுடைமை.

பகல் ஏறியபின் கல்குளத்திலிருந்து மேலாங்கோடு கிட்டத்தில்தான் உள்ளது. திருவிடைக்கோடும் அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் அப்போது தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும்.

வெறுங்காலுடன்தான் ஓட வேண்டுமா?

மரபு அதையே விரும்புகிறது. நேர்த்திக்கடனாக ஓடுகிறவர்கள் அதை விடுவதில்லை. முன்பு வயல் ஏலாக்களின் வரப்பும் தோட்ட விளைகளின் மண்தடமுமாக இருந்த வழியில் பெரும்பகுதி இப்போது தார்ச்சாலையாகிவிட்டது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பழக்கமில்லாத கால்களை ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்குப் பழக்க முடியாது. குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, முதலில் மண்ணிலும் பின்னர் தாரிலும், நாள்தோறும் சிறிது சிறிதாக வெறுங்காலுடன் நடந்து பழக வேண்டும். நண்பகலில் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மீது நடந்தால் சூடு சற்றுக் குறைவாக இருக்கும். கொப்புளம் எழுந்தால் தோலை உரித்தெடுக்காமல், சுத்தமான துணியால் கட்டிவிட்டு வேகத்தைக் குறையுங்கள்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் எவ்வாறு சமாளிப்பது?

வழியில் எவரும் பசித்திருக்க விடுவதில்லை. வீட்டு வாசல்களிலும் சந்திப்புகளிலும் மோர், பானகம், சுக்குத் தண்ணீர், இளநீர், பழம், கஞ்சி, கடலை ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஊரார் காத்திருப்பார்கள். பொன்மனையைத் தாண்டி ஒரு வீட்டின் திண்ணையோரத்தில் ஒரு மூதாட்டி, கருப்பட்டி கரைத்த சுக்குத் தண்ணீரைச் செம்பிலிருந்து உயர்த்தி ஊற்றி ஆற்றியபடி, "மக்களே, நின்னு குடிச்சிட்டுப் போங்க, கோவில் எங்கயும் ஓடிப்போகாது" என்று என்னை நிறுத்தினார். நான் குடித்து முடிக்கும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே சென்று சிறிது தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் விட்டார். நான் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவே இல்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை தோன்றும். உப்பிட்ட மோரும் உப்பிட்ட கஞ்சியும் இதற்கு நல்ல துணை. வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு ஓடுவதை நான் உறுதியாகத் தடுப்பேன். நீர் வற்றிய உடலில் அவற்றுள் சில சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

யார் ஓடக் கூடாது?

இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் ஓடக் கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் ஓடவே கூடாது. காயம் பட்டதே அவர்களுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவர்கள் இரவில் ஆற்றிலும் குளத்திலும் படியைவிட்டு இறங்க வேண்டாம்.

இந்த ஓட்டத்துக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் என்ன தொடர்பு?

என்னிடம் குறைவாகக் கேட்கப்படுவதும், நான் விரிவாகப் பதிலளிக்க விரும்புவதும் இந்தக் கேள்விதான்.

ஓட்டத்தின் உட்பொருள் ஒரு கோவிலிலிருந்து இன்னொரு கோவிலுக்குச் சாலை வழியே சென்று, உள்ளே நுழைந்து வணங்குவது. இந்தச் செயலின் ஒவ்வொரு பகுதியும் இந்த மண்ணில் பிறந்த பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் மறுக்கப்பட்டிருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. கல்குளம் கோவில் இருக்கும் பத்மநாபபுரம் 1795 வரை அந்த அரசின் தலைநகரம். அவர்ணர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியினரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும், கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கக் கூடாது என்பன போன்ற விதிகள் நடைமுறையில் இருந்தன. மனிதர்களை விற்பதும் வாங்குவதும் வழக்கமாக இருந்து, 1855இல்தான் அடிமை முறை அரசாணையால் ஒழிக்கப்பட்டது. பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின்னரே 1859 சூலை 26ஆம் நாள் ஆணை பிறந்தது. அந்த ஆணையும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னது எவ்வளவு பெரிய துணிவு என்பது இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

சாலைகளின் கதையும் இத்தகையதே. 1924இல் வைக்கத்தில் கோவில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் அதில் சிறை சென்றார். 1926இல் அதே கோரிக்கையோடு நம் சுசீந்திரத்தில் மருத்துவர் எம்.இ. நாயுடுவின் தலைமையில் போராட்டம் நடந்தது. பின்னர் 1936 நவம்பர் 12ஆம் நாள், மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். பிறப்பாலோ மதத்தாலோ இந்துவாக உள்ள எவரும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோவில்களில் நுழைவதற்கும் வழிபடுவதற்கும் இனித் தடையில்லை என்பது அதன் சாரம்.

என் பாட்டனாரின் தந்தை திருவிதாங்கோட்டுக்கு அருகிலேயே வாழ்ந்தவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கோவிலின் மதிலுக்கு வெளியே, அதுவும் தொலைவில் நின்றே கழித்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவருக்கு என் கால்களைவிட வலுவான கால்கள் இருந்தன, பனையேறிப் பிழைத்தவர். ஆனாலும் அவர் இந்த ஓட்டத்தை ஓடியிருக்க முடியாது. நான் அந்தக் கோவிலுக்குள் ஈர வேட்டியுடன், மூச்சிரைக்க, யாருடைய அனுமதியையும் கேட்காமல் நுழைகிறேன். எனக்கும் அவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு, வேறு பலர் தடியடியும் சிறையும் பட்டு வாங்கித் தந்தது. அந்த நன்றி இல்லாமல் என்னால் அந்தப் படியை மிதிக்க முடிவதில்லை.

பண்டிகை நாளில் பழைய துயரங்களை நினைவூட்டுவது பொருத்தமா?

பொருத்தம் என்றே நினைக்கிறேன். நன்றி செலுத்த வேண்டுமானால் எதற்காக என்று தெரிந்திருக்க வேண்டும். ஓட்டம் தொடங்கும் முஞ்சிறைக்குப் பக்கத்துப் புதுக்கடையிலும், நாம் கடந்து செல்லும் மார்த்தாண்டத்திலும், 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. முழக்கத்தோடு கிளம்பும் இளைஞர்களில் பலருக்கு அந்தச் செய்தி தெரியாது. தெரிந்துகொள்வதால் அவர்களுடைய பக்தி குறைந்துவிடாது.

பெண்கள் ஓடலாமா?

கோவில்களில் வழிபட அவர்களுக்குத் தடையில்லை. ஆயினும் ஓடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே; பெண்கள் பெரும்பாலும் வண்டிகளில் 12 கோவில்களையும் சுற்றி வருகிறார்கள். அவர்களுக்கு உடல் வலு இல்லை என்பது காரணமன்று. இரவில் தனியாகச் செல்லும் சாலையில் உள்ள அச்சமும், வழியில் போதிய கழிப்பறை இல்லாததும், குளத்தங்கரையில் உடை மாற்ற மறைவிடம் இல்லாததும்தான் காரணங்கள். குலசேகரத்தைக் கடந்த தோட்டச்சாலையில் நள்ளிரவுக்குப் பின் ஒரு பெண் தனியே அச்சமின்றி ஓடும் நிலை வரும்வரை, மேலே நான் சொன்ன சுதந்திரத்தில் பாதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்கள் விரும்பினால் நான்கைந்து பேராகச் சேர்ந்து, பகலில் நடக்கத்தக்க கல்குளம் முதல் திருவிதாங்கோடு வரையிலான பகுதியிலிருந்து தொடங்கலாம்.

பிற மதத்தினர் கலந்துகொள்ளலாமா?

சாலையில் உடன் ஓடி வருவதை எவரும் தடுப்பதில்லை. சன்னிதிக்குள் செல்வது கோவில் நடைமுறைக்கு உட்பட்டது. வழியில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தண்ணீர்ப் பந்தலில் நின்று ஊற்றித் தருவதை நான் பார்த்திருக்கிறேன். பழைமையான அரப்பள்ளித் தேவாலயமும் முஸ்லிம் குடியிருப்புகளும் உள்ள திருவிதாங்கோட்டில் அது இயல்பானதே.

நன்றியை எவ்வாறு செயலில் காட்டுவது?

முதலாவதாக, விடுமுறை எல்லோருக்கும் விடுமுறை அன்று என்பதை உணர்வது. அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறும் எனக்கு இந்த நாளால் இழப்பில்லை. என்னோடு ஓடும் கொத்தனாருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. ஓட்டம் கடந்து சென்றபின் சாலையில் கிடக்கும் நெகிழிக் குவளைகளை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு அன்று வேலை இரட்டிப்பு. விரும்பியபடி ஓடுவது என் உரிமை என்றால், என் குப்பையை அவர் தலையில் போடாமல் இருப்பது என் கடமை. ஒரு சிறு செம்பையோ எஃகுக் குவளையையோ இடுப்பில் கட்டிக்கொண்டால் வழி முழுவதற்கும் அதுவே போதும்.

இரண்டாவதாக, ஓராண்டு ஓடினால் மறு ஆண்டு பந்தலில் நில்லுங்கள். ஓடுகிறவரின் முகத்தைப் பார்க்கும்போது நமக்குக் கிடைத்தது என்ன என்பது தெளிவாகத் தெரிகிறது. ஊற்றும்போது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள்.

வண்டியில் சென்றால் பலன் குறையுமா?

பலனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. முதியவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் வண்டியில் செல்வது முற்றிலும் நியாயம். ஆனால் நடப்பவர்கள் நடுவே இருசக்கர வாகனத்தில் ஒலிப்பானை அழுத்தியபடி பாய்ந்து செல்வது பிறருடைய வழியைப் பறிப்பதாகும். இரவில் ஓடுகிறவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வது நல்லது.

முடிந்தபின் உடலை எவ்வாறு கவனிப்பது?

திருநட்டாலத்தில் வணங்கி முடித்தவுடன் படுத்துவிடாமல் சிறிது நேரம் மெல்ல நடங்கள். உப்பும் இனிப்பும் கலந்த நீர், கஞ்சி, பின்னர் உறக்கம் என்ற வரிசையே போதுமானது. பாதத்தைச் சோப்பிட்டுக் கழுவி, வெட்டுக்காயம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு குத்தியிருந்தால் தடுப்பூசிக்காக மறுநாளே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வந்தாலோ, நெடுநேரம் வராமலே இருந்தாலோ, தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உறக்கமில்லாமல் வண்டி ஓட்டி வீடு திரும்பாதீர்கள். மார்த்தாண்டம் அருகில்தான் உள்ளது, அங்கிருந்து பேருந்து கிடைக்கும்.